வீட்டுக்காரர் மாடியில் இருக்கிறார்

போன் அடித்தது.

கத்திரி எடுக்கவில்லை. இரண்டு கைகளும் வேலையாக இருந்தன. ஒரு கை ஒருவனின் பிடரியைப் பிடித்திருந்தது. இன்னொரு கை அவன் தலையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அழுத்திக்கொண்டிருந்தது.

குமிழ்கள்... மேலும் குமிழ்கள்...

போன் விடாமல் அடித்தது.

கத்திரி தலையை வெளியே இழுத்தான்.

"மூச்சு விட்டுக்கோ. முக்கியமான கால்."

அந்த ஆள் தொட்டி ஓரத்தில் சரிந்து ரத்தமும் தண்ணீருமாகக் கக்கினான். கத்திரி சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். ஒரு காலத்தில் தையல் கடை வைத்திருந்தவன். துணி வெட்டுவதில் வருமானம் போதவில்லை. ஆள் வெட்டத் தொடங்கிவிட்டான்.

"சொல்லுங்க."

"வணக்கம் தம்பி. சாப்பிட்டாச்சா?"

போனில் துணியைச் சுற்றிப் பேசுகிற குரல். கொலைக்கு ஆள் தேடுகிறவன் சாப்பாட்டை விசாரிப்பது கத்திரிக்குப் புது அனுபவம்.

"வேலைய சொல்லுங்க."

"ஊருக்குப் புதுசா ஒரு பாய்லர் இன்ஸ்பெக்டரம்மா வந்திருக்காங்க. வந்த கையோட என் சாயப்பட்டறை பாய்லருக்கு சீல் வெச்சுட்டாங்க. சேஃப்டி வால்வை கம்பியால கட்டி ஓட்டினேனாம். ரெண்டு பேர் வெந்துட்டாங்களாம். பாய்லர்னா கொஞ்சம் சூடு இருக்கத்தானே செய்யும்?"

"அந்தம்மாவ முடிக்கணுமா?"

"ஐயய்யோ. ஆபீசரைத் தொட்டா கவர்ன்மெண்டே இறங்கி வந்துடும். அவங்களை விட்டுடுங்க. கூட வந்திருக்காரே..."

"புருஷனா?"

"சேச்சே. புருஷன் கிருஷன்னு மரியாதை இல்லாம பேசாதீங்க தம்பி. வீட்டுக்காரர்னு சொல்லுங்க. அந்தம்மா வேலைக்காக தன் வேலையை விட்டுட்டு வந்த மனுஷன். அவர் போய்ட்டா அவங்க இந்த ஊர்ல ஒரு நிமிஷம் இருக்க மாட்டாங்க. பொட்டியைக் கட்டிடுவாங்க."

"போட்டோ அனுப்புங்க."

"எதுக்கு? நாளைக்கு போலீஸ் கையில சிக்கவா? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, பச்சை கேட் போட்ட வீடு. மத்தியானம் அந்தம்மா ஆபீஸ்ல இருப்பாங்க. வீட்டுக்காரர் இருக்காரான்னு குரல் குடுங்க. வந்தவர் கதையை முடிங்க. முடிச்சதும் இதே நம்பருக்கு ஒரு போன்."

கத்திரி போனை வைத்தான். தொட்டி ஓரத்து ஆள் நடுங்கியபடியே நிமிர்ந்து பார்த்தான்.

"எங்க விட்டோம்?" என்றான் கத்திரி.

* * *

பச்சை கேட் வீட்டின் கீழ்ப்பகுதியில் இன்னும் பாதிப் பெட்டிகள் பிரிக்கப்படாமல் கிடந்தன. அவற்றுக்கு நடுவே பாய்லர் இன்ஸ்பெக்டரின் கணவன் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து பொருமிக்கொண்டிருந்தான்.

பெருநகரத்து வானொலியில் செய்தி வாசித்தவன். அவன் குரலைக் கேட்டுத்தான் பலருக்குப் பொழுது விடியும். இந்தச் சின்ன ஊரில் அந்தக் குரலுக்குப் பால்காரரோடு பேசுகிற வேலைதான்.

"மருந்துக்கடையில என்ன சொல்றான் தெரியுமா? 'ஆபீசரம்மா வீட்டுக்காரர் வந்திருக்கார், வழி விடுங்க'ன்னு. எனக்குன்னு ஒரு பேர் இருக்கு. அதைச் சொல்லிக் கூப்பிட இந்த ஊர்ல ஒரு ஆள் இல்ல."

அவள் சிரித்தாள். ஜீப் ஒர்க்ஷாப்பில் இருந்ததால், அன்று அலுவலகத்திலிருந்து நடந்தே சாப்பிட வந்திருந்தாள்.

"சிரிக்காத. எனக்கு எரியுது."

"தெரியுங்க. எனக்காக எல்லாத்தையும் விட்டுட்டு வந்தீங்க. அது எனக்கு ராத்திரி தூக்கத்துல கூட உறுத்துது. போதுமா?"

அவன் கோபம் பாதியாகக் குறைந்தது.

"ஒண்ணு பண்ணலாம். நம்ம வாயிலயாவது அந்த வார்த்தை வேணாம். வீட்டுக்காரர்னா இனிமே மேல குடியிருக்காரே, அவர் மட்டும்தான்."

மேலே குடியிருந்தவர் வீட்டின் சொந்தக்காரர். மனைவியை இழந்தவர். மெதுவாகப் பேசுவார், குழந்தையைக்கூட வாங்க போங்க என்பார். ஆபீசரம்மாவுக்கு இல்லாத வீடா என்று, கேட்டவுடன் சாவியை நீட்டியவர்.

அவள் எழுந்து கொல்லைப்புறக் குழாயில் கை கழுவப் போனாள். திரும்பி வரச் சற்று நேரம் ஆயிற்று. வந்தபோது கை ஈரமாகவே இருந்தது.

"என்னங்க, இன்ஸ்பெக்ஷன் ஹெல்மெட்டை ஆபீஸ்ல விட்டுட்டேன். போய் எடுத்துட்டு வாங்க."

"இப்பவா? சாப்பாடு..."

"இப்பவே. பின்பக்கமா போங்க, குறுக்கு வழி."

"பாரு, பியூன் வேலையும் வந்துடுச்சு."

முணுமுணுத்துக்கொண்டே செருப்பை மாட்டினான். அவள் அவனை ஏறக்குறையத் தள்ளினாள். பின்கதவைத் தாழிட்டாள். போனை எடுத்து எங்கோ அடித்தாள். காதில் வைத்துக்கொண்டு நின்றாள்... நின்றாள்... வைத்துவிட்டாள்.

முன்வாசலில் கேட் கிறீச்சிட்டது.

"சார்... வீட்டுக்காரர் இருக்காரா?"

* * *

கதவைத் திறந்தது பெண் என்றதும் கத்திரி ஒரு விநாடி தடுமாறினான். ஆபீசில் இருக்கவேண்டியவள் அல்லவா? ஆனால் முன்வைத்த காலைப் பின்வைக்கிற வழக்கம் அவனுக்கு இல்லை.

"வீட்டுக்காரரைப் பாக்கணும்."

அவள் கண்கள் அவன் சட்டைக்கடியில் புடைத்திருந்த இடுப்பில் ஒரு முறை இறங்கி ஏறின.

"மாடியில இருக்கார். தூங்குற நேரம். போய்ப் பாருங்க."

அவள் விரல் வெளிப்படிக்கட்டைக் காட்டியது. இவ்வளவு மரியாதையாக வழி காட்டினால் யார்தான் போகமாட்டார்கள்? படியின் கீழே திறந்திருந்த இரும்புக் கிரில் கதவைத் தாண்டிக் கத்திரி மேலே ஏறினான்.

மேலே ஒருவர் சாய்வு நாற்காலியில் கண்மூடிக் கிடந்தார். பனியன், அதன் மேல் பொத்தான் போடாத சட்டை.

"வீட்டுக்காரர் நீங்கதானே?"

அவர் பாதிக் கண்ணைத் திறந்தார்.

"ஆமா, நான்தான். வாடகைக்கு இடம் காலி இல்ல தம்பி. ஒருவேளை அடுத்த வாரம் கீழ்ப்போர்ஷன் காலியாகும்..."

தூக்கக் கலக்கத்தில் கரகரத்த அந்தக் குரலை முன்பு எங்கே கேட்டோம் என்று கத்திரி யோசித்திருக்கலாம். வேலை நேரத்தில் அவன் யோசிப்பதில்லை.

கத்தி விலாவுக்கு அடியில் பிடிவரை இறங்கியது.

அவர் கத்த வாய் திறந்தார். கத்திரியின் இடது கை அதை மூடியது. கத்தி வெளியே வந்தது. மறுபடி போனது. திரும்பியது. நாற்காலி பின்பக்கமாகச் சரிந்தது. அவர் கைகள் காற்றில் எதையோ பிடிக்கத் தேடி, கத்திரியின் கன்னத்தைக் கீறிவிட்டு விழுந்தன. தரையெல்லாம் சிவப்பு ஓடி, கதவு வாசற்படியில் தேங்கியது.

கத்திரி கத்தியை அவர் சட்டையிலேயே துடைத்தான். போனை எடுத்தான். வாக்குக் கொடுத்தபடி அந்த நம்பரை அழுத்தினான்.

அங்கே மணி அடித்தது.

இங்கேயும் அடித்தது!

கத்திரி குனிந்து பார்த்தான். செத்தவரின் சட்டைப் பையில் ரத்தத்துக்கு நடுவே ஒரு போன் அதிர்ந்து அதிர்ந்து ஒளிர்ந்துகொண்டிருந்தது.

துண்டித்தான். அது நின்றது.

மறுபடி அழுத்தினான். அது அடித்தது.

"அடப்பாவி..." என்றான் கத்திரி. தன்னைச் சொன்னானா, அவரைச் சொன்னானா என்று அவனுக்கே தெரியவில்லை.

அப்போது கீழே ஒரு சத்தம் கேட்டது. கிரில் கதவில் பூட்டு விழுகிற சத்தம்.

* * *

இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கினான். கிரிலுக்கு அந்தப் பக்கம் அவள் நின்றிருந்தாள்.

"சாவியக் குடு."

"குடுக்க முடியாது."

கம்பிகளுக்கிடையே அவன் கை பாய்ந்தது. கொத்தாக அவள் முடி சிக்கியது. இழுத்தான். அவள் நெற்றி கம்பியில் மோதியது. மறுபடி மோதியது. புருவம் கிழிந்து ஒரு கண்ணை ரத்தம் மூடியது.

"குடுக்கிறியா, மண்டையப் பொளக்கட்டுமா?"

அவள் வலது கையை முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்தாள். பாய்லர் தகட்டைத் தட்டிப் பார்த்து விரிசல் கண்டுபிடிக்கிற சுத்தியல் அது. அவன் மணிக்கட்டில் இறக்கினாள்.

எலும்பு உடைகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

கத்திரி அலறினான். ஆனாலும் முடியை விடவில்லை. இன்னொரு கையில் இருந்த கத்தி கம்பி வழியாக அவள் வயிற்றைத் தேடி வந்தது...

"ஏய்!"

பெருநகரமே கேட்ட குரல். ஹெல்மெட்டோடு திரும்பியிருந்த கணவன் ஒரே பாய்ச்சலில் வந்து, கத்தி பிடித்த கையைப் பற்றிக் கம்பிக்கு எதிர்ப்பக்கமாக மடக்கினான். முழங்கை போகக்கூடாத திசையில் போனது. கத்தி விழுந்தது. கத்திரியும் விழுந்தான்.

அதன் பிறகும் கணவன் ஹெல்மெட்டால் கம்பியை அடித்துக்கொண்டே இருந்தான். அவள்தான் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

* * *

போலீஸ் இன்ஸ்பெக்டர் ஏப்பம் விட்டபடி வந்து சேர்ந்தார். மேலே போய்ப் பார்த்துவிட்டு இறங்கியபோது அவர் முகத்தில் சாப்பிட்ட களை காணாமல் போயிருந்தது.

"நீங்க சீல் வெச்ச சாயப்பட்டறை, மேல செத்துக் கிடக்கிறவரோட மச்சான் பேர்ல இருக்கு. நிஜ முதலாளி இவர்தான். உங்களை கண் பார்வையில வெச்சுக்கத்தான் வீடே குடுத்திருக்கார். ஏம்மா, அவன் கேட்டப்போ என்ன நினைச்சு மாடிக்கு அனுப்பினீங்க?"

"வீடு பாக்க வந்தவன்னு நினைச்சேன் சார்." கட்டுப் போட்ட நெற்றியை அவள் தொட்டுக்கொண்டாள்.

"நல்லவேளை. தப்பா புரிஞ்சுக்கிட்டதால உங்க வீட்டுக்காரர் தப்பிச்சார்." இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

கணவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். செய்தியில் எந்த வரி பொய் என்று படிக்கும்போதே கண்டுபிடிக்கிறவன்.

"ஹெல்மெட் ஆபீஸ்ல ஆணியில மாட்டியிருந்துச்சு. நீ அதை மத்தியானம் எடுத்துட்டு வர்றதே கிடையாது. எதுக்கு என்னை அனுப்பின?"

அவள் கதவைச் சாத்தினாள்.

"கை கழுவப் போனேன்ல? மாடி பால்கனியில நின்னு அவர் போன் பேசினார். 'கிளம்பிட்டீங்களா தம்பி? அந்தம்மா வீட்டுக்காரர் தனியாத்தான் இருக்கார்'னு."

அவன் நிமிர்ந்து மாடியைப் பார்த்தான்.

"போலீசுக்கு சொல்லியிருக்கலாமே?"

"அடிச்சேன். சாப்பாட்டு நேரம், யாரும் எடுக்கல."

"ரெண்டு பேருமா ஓடியிருக்கலாம்."

"எங்க? இன்னொரு ஊருக்கா? இன்னொரு தடவை எனக்காக நீங்க எதையும் விட்டுட்டு வரவேணாம். உயிரையும் சேர்த்துத்தான்." அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களை இழக்க என்னால முடியாதுங்க."

அவன் அவளை அணைத்துக்கொண்டான்.

"இருந்தாலும் போலீஸ்கிட்ட பொய் சொல்லிட்டியே" என்றான்.

"போலீஸ்கிட்ட மட்டும்தான். அந்தக் கொலைகாரன்கிட்ட சத்தியமா உண்மையைத்தான் சொன்னேன். வீட்டுக்காரர் எங்கன்னான், மாடியிலன்னேன். எந்த வீட்டுக்காரர்னு அவன் கேக்கவே இல்லையே."