கல் காயும்வரை

பாலிஷ்காரருக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். அதுவும் சலவைக்கல் தரையில் கண்டதைக் கொட்டிவிட்டு, "கறை போகலையே" என்று கூப்பிடுகிறவர்களைக் கண்டால் கேட்கவே வேண்டாம். "கல்லுன்னா மரத்துப் போன ஜென்மம்னு நெனச்சீங்களா? பச்சப் புள்ள மாதிரி அது. எதக் குடுத்தாலும் குடிச்சிடும்" என்று போகிற வீட்டிலெல்லாம் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் மெஷினையே கீழே வைப்பார். அன்று காலையும் அந்தப் பாட்டத்தைத் தயாராக வைத்துக்கொண்டுதான் மாடியேறினார்.

வீட்டுக்காரர் வாசலிலேயே மடக்கினார். சின்ன வயதுதான். ஆனால் முகத்தில் பல நாள் தாடி, கண்ணில் பல நாள் தூக்கம்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்கண்ணே. என் சம்சாரம் உள்ளதான் இருக்கா. பொண்ணு ரூம்ல."

பிறகு அவரே கிசுகிசுப்பாகச் சொன்னார். மகளின் அறைக்கு மகளேதான் கல் தேர்ந்தெடுத்தாளாம். கல் கடையில் அத்தனை பலகைகளையும் விட்டுவிட்டு, நடுவே சாம்பல் நிறத்தில் வளைந்து ஓடும் ரேகை உள்ள வெள்ளைக் கல்லைக் கட்டிக்கொண்டு, "ஆறு ஓடுதுப்பா இதுல" என்றாளாம். காய்ச்சல் வந்தபோது கட்டிலில் படுக்கவே மாட்டேன் என்றுவிட்டாள். மெத்தை சுடுகிறதென்று இறங்கி, அந்த ஆற்றின் மேல் கன்னத்தை வைத்துச் சுருண்டு படுத்துக்கொள்வாள். அங்கேயே போய்விட்டாள்.

"அந்த இடத்துல ஈரம் கெளம்பிருக்குண்ணே. தொடச்சா திரும்ப வருது. அந்தப் பக்கம் குழாயே இல்ல. இவ அது பக்கத்துலயே படுத்துக் கெடக்கா. சோறு தண்ணி இல்ல. கறை போயிட்டா எந்திரிச்சிடுவா. பொண்ணத்தான் தொலச்சிட்டேன், எனக்கு இவளாவது வேணும்."

பாலிஷ்காரர் தன் பாட்டத்தை விழுங்கிக்கொண்டார்.

அறையில் திரைகள் இழுத்துவிடப்பட்டிருந்தன. நனைந்த கல்லின் வாசனை. அதனடியில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் காய்ச்சல் மருந்தின் தித்திப்பு வாடை, லேசாக. அந்தத் தாய் சுவரோரம் ஒருக்களித்துக் கிடந்தாள். அவள் கைக்கெட்டும் தூரத்தில், வெள்ளைக் கல்லின் மேல் அந்த ஈரம் இருந்தது.

மடக்கிய முழங்கால். குதிகால். முதுகின் வளைவு. எல்லாம், ஒரு குழந்தை அளவில், அந்த ஈரத்தில் தெரிந்தது.

வேலை தொடங்குமுன் கல்லைத் தட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். அடியில் சிமெண்டு பிடிக்காமல் வெற்றாக இருந்தால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். சுத்தியல் பிடியால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டு வந்தார். எல்லாம் கெட்டி. ஈரத்தின் மேலும் தட்டினார்.

டொக், டொக்.

அடியிலிருந்து பதில் வந்தது.

டொக், டொக்.

கை அப்படியே நின்றது. மனப்பிரமை என்று தன்னையே அதட்டிக்கொண்டு மூன்று முறை தட்டினார். மூன்று முறை வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, ஆட்டத்தை நிறுத்த மனமில்லாத குழந்தை போடுவதுபோல, கூடுதலாக ஒன்று.

"அண்ணா," என்றாள் அந்தப் பெண். தலையைத் தூக்கியிருந்தாள். குழிவிழுந்த அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "உங்களுக்கும் கேக்குதா? இவருக்குக் கேக்கவே மாட்டேங்குது. எல்லாரும் என்னப் பைத்தியங்கறாங்க. நீங்க சொல்லுங்கண்ணா. ஒரே ஒரு தடவ சொல்லுங்க."

அவள் முதுகுக்குப் பின்னால், கதவோரம், வீட்டுக்காரர் இரண்டு கையையும் குவித்து நின்றார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"வெயிலுக்குக் கல்லு விரியும்மா," என்றார் பாலிஷ்காரர். "அந்தச் சத்தம்தான். வேற ஒண்ணுமில்ல."

வெளிச்சம் பட்டென்று போய்விட்டது. பாவி மனுஷன், அதைப் பார்க்கத் துணிவில்லாமல் குனிந்து மெஷினை ஓட்டினார். பிறகு சீலரை எடுத்தார். கல்லின் கண்ணுக்குத் தெரியாத துளைகளையெல்லாம் அடைத்துவிடும் எண்ணெய் மாதிரியான பூச்சு அது. ஈரக் கல்லில் அதைப் பூசவே கூடாது. உள்ளே இருப்பது உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அடுத்தவர்கள் செய்தபோதெல்லாம் ஆயுசு முழுக்க அவர் திட்டிய தவறு. ஆனால் அந்த அறையை விட்டு ஓடினால் போதும் என்றிருந்தது அவருக்கு.

"இதப் பூசினா என்ன ஆகும்?" என்று கேட்டாள் அவள்.

"மேல எது சிந்தினாலும் உள்ள எறங்காதும்மா."

"எதுவுமேவா?"

"எதுவுமே. ஆனா முழுசாக் காய நாளைக் காலை ஆயிடும். அதுவரைக்கும் யாரும் மேல படக்கூடாது."

"காயறவரைக்கும் உள்ள எறங்கும்?"

"எறங்கும்," என்று யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

அவள் எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, தானாக. முகம் கழுவினாள். பாலிஷ்காரர் சாமான்களைக் கட்டும்போது, "அண்ணே, சாப்பிடறாண்ணே! என்னையும் பக்கத்துல உக்காரச் சொல்றா" என்று வீட்டுக்காரர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மறுநாள் இரண்டாம் பூச்சுக்கு வந்தபோது வாசல் நிறையச் செருப்புகள் கிடந்தன. அவர் அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து, உறவுகள் கலைந்த பிறகு, வீட்டுக்காரரே ஆள் விட்டுக் கூப்பிட்டார். அறையில் திரைகள் திறந்திருந்தன. தரை கண்ணாடியாக மின்னியது.

"எத்தனையோ நாள் கழிச்சு அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன். அவ எப்ப எந்திரிச்சுப் போனாளோ தெரியல. காலைல பாத்தா, பூச்சு மேல கன்னத்த வெச்சு..."

வீட்டுக்காரர் தரையைக் காட்டினார். பாலிஷ்காரர் பார்த்தார். பளபளப்புக்கு அடியில், ஆற்றின் மேல், அந்தச் சின்ன உருவம் அப்படியே இருந்தது. அதை வயிற்றோடு சேர்த்து அணைத்தபடி, சுற்றிலும் பெரிய உருவம் ஒன்று.

"தட்டுங்கண்ணே."

தட்டினார்.

சின்னதாக இரண்டு வந்தது. கூடவே, கனமாக, நிதானமாக, இன்னொரு கை.

"கேக்குதா?"

"கேக்குது தம்பி." பாலிஷ்காரர் சுத்தியலைக் கீழே வைத்தார். "அன்னிக்கும் கேட்டுச்சு. நான் பொய் சொல்லிட்டேன். ரெண்டு பேரும் இருக்காங்க."

வீட்டுக்காரர் தரையில் விழுந்து காதை ஒட்டவைத்தார். விரல் முட்டியால் தட்டினார். மறுபடி தட்டினார். உள்ளங்கையால் அறைந்தார்.

"எனக்கு ஏன்ணே கேக்க மாட்டேங்குது?"

பாலிஷ்காரர் பளபளப்பின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"இது காஞ்சு போச்சாண்ணே?"

"காஞ்சு போச்சு."

"இனிமே எதுவும் உள்ள எறங்காதா?"

"எறங்காது தம்பி."

அப்போது, யாருமே தட்டாமல், அடியிலிருந்து தானாகச் சத்தம் வந்தது. சின்ன கையும் பெரிய கையும் மாறி மாறி, வீட்டுக்காரரின் கன்னம் படிந்திருந்த இடத்துக்கு நேர் கீழே, கூப்பிட்டுக்கொண்டே இருந்தன.

வீட்டுக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டு இன்னும் காத்திருந்தார்.