கிடாருக்குத் தண்ணீர்

குறுக்குமலைக்கு மேல் மேகம் தலைகாட்டக் கூடாது. காட்டினால் உச்சியிலிருக்கும் மேகவிரட்டி அனல்காற்றை ஊதி, அதைப் பக்கத்து மாநிலம்வரை ஓட ஓடத் துரத்தும். எல்லாம் தேவதாரு மரங்களுக்காக. தாகத்தில் வாடும் மரம் மெல்ல வளரும். அதன் ஆண்டு வளையங்கள் நெருங்கும். பலகை இலேசாகவும் விறைப்பாகவும் அமையும். அந்தப் பலகையில் செய்த கிடாரை மீட்டவே வேண்டாம், முறைத்தாலே பாடும் என்று உலகம் பைத்தியமாக அலைந்தது.

மரங்களுக்குத் தண்ணீர் கிடையாது. மனிதர்களுக்கு நாக்கு நனையுமளவு. கிடாருக்கு மட்டும் தாராளம். காய்ந்த காற்றில் பலகை வெடித்துவிடுமே! மலையைக் குத்தகைக்கு எடுத்த கம்பெனி பரிசாகத் தந்த கிடார் எந்த வீட்டில் இருந்தாலும், அதனுள் ஈரம் கசியத் தொங்கும் ஈரக்குடுவைக்குத் தினமும் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் வாசலுக்கே வந்தது. ஸ்வரம் தெரிந்தவர் ஒருவரும் இல்லாத ஊரில் கிடார் இல்லாத வீடே இல்லை.

மேகவிரட்டியை இயக்கும் லூர்துசாமியின் வீட்டில் அந்தச் சொம்புத் தண்ணீரைக் கைக்குழந்தை குடித்துவந்தது. கிடாரில் நூலளவு பிளவு. காலையில் பரிசோதகர் வருகிறார். வெடித்த கிடாருக்குத் தண்ணீர் நின்றுவிடும், பிறகு குழந்தைக்கு?

"புள்ளைக்கு ஒதடு வெடிச்சா கேக்க நாதியில்ல. இதுக்கு வெடிச்சா ஆபீசரு வர்றாரு," என்றாள் மனைவி எஸ்தர்.

ஈரத்துணி சுற்றினால் பலகை உப்பிப் பிளவு மூடிவிடும். துணியை நனைக்க எதுவுமில்லை. விடியும் முன் லூர்துசாமி மேகவிரட்டியை நிறுத்தினான்.

ஊருக்குள் மூடுபனி புகுந்தது. சனங்கள் தெருவில் நின்று வாய்கொள்ளாமல் பனியை மென்றார்கள். வழுக்கி விழுந்த இருவர், வழுக்கியதே பாக்கியம் என்று எழாமல் கிடந்தார்கள். பிளவு மூடிக்கொண்டது.

பரிசோதகர் கிருபாகரன் பலகையைத் தட்டினார். கோயில் மணி போல் ஒலித்தது. எஸ்தருக்கு மூச்சு வந்தது. அவர் ஈரமானியைக் காற்றில் நீட்டிவிட்டு, மேகம் எப்படித் தப்பியது என்று விசாரித்தார். மெஷினுக்கு வயசாகிவிட்டது என்று லூர்துசாமி முனகினான்.

"நல்லாத்தான் வெச்சிருக்கீங்க அண்ணே. ஆனா காத்துலயே இவ்வளவு ஈரம் இருக்கே, இதுக்குத் தனியா தண்ணி எதுக்கு? ஊர் முழுக்க நிறுத்திடச் சொல்றேன்."

மதியமே உத்தரவு வந்தது: பனி குடித்த மரங்கள் பருத்துவிடாமலிருக்க மேகவிரட்டி இருமடங்கு வேகத்தில் ஓட வேண்டும். லூர்துசாமியே ஏறிப்போய்த் திருகினான். கீழே வீடு வீடாகக் கிடார்கள் வெடிக்கத் தொடங்கின. உலகத்தரமான மரமல்லவா, ஒவ்வொரு வெடிப்பும் உச்சிவரை துல்லியமாகக் கேட்டது.