இரை வைக்கிற கை

அன்றைக்கு மீன்களுக்குப் பசி இல்லை.

வாய்க்கால் ஓரத்தில் பொறுக்கிய நத்தைகளைச் சிரட்டையில் ஏந்திக்கொண்டு சங்கிலியம்மாள் கூடத்துக்குள் வந்தாள். மற்ற நாளென்றால் அவள் பூட்டைத் திறக்கிற சத்தத்துக்கே அவை தொட்டியின் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டு, ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு, சின்ன வாயைத் திறந்து திறந்து மூடும். அன்று பாசிக்கு நடுவே சும்மா நின்றன. வயிறு ஒவ்வொன்றுக்கும் உருண்டு கிடந்தது. ஒரு நத்தையைப் போட்டாள். அது தண்ணீருக்குள் சுழன்று சுழன்று மணலில் இறங்கியது. ஒரு மீன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அது இறங்கிய இடத்தைச் சுற்றி வேறு நத்தைகளின் ஓடுகள் கிடந்தன. கடித்து நொறுக்கிய புது ஓடுகள், விளிம்பில் இன்னும் சதை ஒட்டியிருந்தது.

காலையிலிருந்து அவள் எதுவும் போடவில்லை. வீட்டுச் சாவி அவள் இடுப்பிலேதான் இருந்தது.

கம்பத்துக்குத் தெற்கே, தெரு முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் தனியாக நின்றது அந்த வீடு. ஆடி மாதம் குமுளிக் கணவாயிலிருந்து இறங்குகிற காற்று முதலில் அந்த வீட்டு ஓட்டைத்தான் தட்டிப் பார்க்கும். சாரல் பிடித்துவிட்டால் மதியமே பொழுது சாய்ந்த மாதிரி இருக்கும். வீட்டுக்குள் ஈரச்சுவர் வாசமும், தொட்டியிலிருந்து எழும் பாசி வாசமும் கலந்து கிடக்கும். அந்த வாசத்துக்கு அவள் பழகிப்போயிருந்தாள்.

அவள் புருஷன் முத்துவீரன் குமுளிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதினான். சீமையில் சண்டை தொடங்கிய வருஷம் தோட்டத்துத் துரை ஊருக்குக் கிளம்பியபோது, இரும்புச் சட்டம் அடித்த பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்றை மீன்களோடு அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மலையாளத்து ஓடையில் பிடித்த பேத்தை மீன்கள். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியவை. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள். மிரண்டால் தண்ணீரைக் குடித்துப் பந்தாக உப்பிக்கொள்ளும். வைக்கோலைச் சுற்றி மாட்டுவண்டியில் மலையிறக்கிக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தான். எது ஆண், எது பெண் என்று அவளுக்குக் காட்டிக்கொடுத்தான். ஆணுக்கு அடிவயிற்றில் ஒரு கறுப்புக் கோடு ஓடும், கண்ணுக்குப் பின்னால் கிழவனுக்குப் போலச் சுருக்கம் விழுந்திருக்கும். அது பெண்ணைத் துரத்திக்கொண்டு பாசிக்குள் புகுந்தால் மறுநாள் பாசியில் கண்ணாடித் துளி மாதிரி முட்டைகள் இருக்கும். விட்டுவைத்தால் பெரிய மீன்களே தின்றுவிடும் என்று பாசியோடு அள்ளி மண்சட்டியில் தனியாக வைப்பான். பிள்ளை இல்லாத வீடு. அந்த மண்சட்டியின் முன்னால் இரண்டு பேரும் குப்புறப் படுத்துக்கொண்டு, குஞ்சு பொரிந்துவிட்டதா என்று பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

அப்புறம் அவன் வீட்டுக்கு வருவது குறைந்தது. வாரத்துக்கு ஒருமுறை வந்தவன் மாதத்துக்கு ஒருமுறை வந்தான். பிறகு அதுவும் இல்லை. தோட்டத்தில் வேலை அதிகம் என்று சொல்லியனுப்பினான். தை மாதம் மலைக்காய்ச்சலில் செத்துப்போனான். செய்தி மலையிறங்குவதற்குள் அங்கேயே புதைத்துவிட்டார்கள். அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஜெயமங்கலத்திலிருந்து அண்ணன் வண்டியோடு வந்து கூப்பிட்டார். மீன்களை யார் பார்ப்பது என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டாள். அவள் கண்ணைப் பார்த்து அவளோடு இருந்தவை அவை மட்டும்தான்.

மறுநாள் மோர் விற்கிற மலையம்மாள் வாசலில் பானையை இறக்கினாள்.

"ஏத்தா சங்கிலி, வீட்டுக்கு யாரு வந்திருக்காக?"

"யாரும் வரலையேக்கா."

"நேத்து நீ வாய்க்காலுக்குப் போயிருந்தப்ப சன்னல் வழியாப் பாத்தேன். மீன் தொட்டிக்கிட்ட யாரோ குனிஞ்சு நின்னாப்புல இருந்துச்சு. மோரு வேணுமான்னு கேட்டேன். திரும்பலை."

சங்கிலியம்மாள் வாசற்படியிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் வந்தாள். "எப்பிடி இருந்தாக? முதுகு கொஞ்சம் வளைஞ்சாப்புல இருந்துச்சா?"

"குனிஞ்சா எல்லாருக்கும் முதுகு வளையத்தான செய்யும்? உள்ள ஒரே இருட்டு, எனக்கு என்ன தெரிஞ்சுச்சு." மலையம்மாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அந்த மீனை வாய்க்கால்ல விட்டுட்டு அண்ணன் வீட்டுக்குப் போத்தா. தனியா இருந்து என்னத்தக் கண்ட?"

"அவுக வாராகக்கா," என்றாள் சங்கிலியம்மாள். சொன்ன பிறகுதான் தான் சிரித்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து இரண்டு பேருக்குச் சோறு வடித்தாள். முத்துவீரன் உட்காரும் பிரம்பு நாற்காலியைத் துடைத்து அதன் இடத்தில் போட்டாள். பேத்தைக்கு இரண்டு கண்ணும் தனித்தனியாகச் சுழலும். அவள் எதிரே போய் உட்கார்ந்தால் ஒவ்வொரு மீனும் ஒரு கண்ணை அவள்மேல் வைத்தது. இன்னொரு கண்ணை நாற்காலிப் பக்கம் வைத்தது. அவளுக்கு அது போதும். வயலில் நாற்று எப்படி நிற்கிறது, தெருவில் யாருக்குக் கல்யாணம் என்று நாற்காலியைப் பார்த்துப் பேசினாள். பேசிக்கொண்டே மீன்களின் கண்களைப் பார்த்துக்கொண்டாள். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது. அவன் செத்த பிறகு அவள் விடிய விடியத் தூங்கியது அந்த நாட்களில்தான்.

பாசியில் மறுபடி முட்டைகள் தெரிந்தன. அதையும் நாற்காலியிடம் சொன்னாள்.

ஒருநாள் பிற்பகல் குனிந்து தரையைப் பெருக்கியபோது, மீன்களின் தலைமட்டத்தில் அவள் தலை இருந்தது. அவை பார்க்கும் திசையில் சும்மா கண்ணை ஓட்டினாள். அவை நாற்காலியைப் பார்க்கவில்லை. நாற்காலிக்கு அடியில் பார்த்தன.

அங்கே தரையில் கொஞ்சம் ஈரம் இருந்தது. சாரல் அடித்திருக்கும் என்று துடைத்தாள். துணியில் வாய்க்கால் சேற்று நாற்றம் வந்தது.

இன்னொரு நாள் தலை வாரிக்கொண்டிருந்தாள். மீன்களின் ஒரு கண் அவள்மேல். மற்றக் கண் தரையிலிருந்து சுவருக்கு ஏறியது. சுவரிலிருந்து மெதுவாக, நின்று நின்று, உத்திரத்துக்கு ஏறியது. அங்கேயே நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். புகையேறிய மரமும் ஒட்டடையும்தான். முத்துவீரன் கனத்த உடம்புக்காரன். பரணில் ஏறக்கூடப் பயப்படுவான். ஆவிக்கு உடம்பு ஏது, கனம் ஏது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாதி வாரிய தலையை அப்படியே முடிந்துகொண்டாள்.

சந்தை நாளன்று கருத்தக்கண்ணன் வந்தான். தோட்டத்தில் முத்துவீரனுக்குக் கீழே வேலை பார்த்தவன். கடைசிக் காய்ச்சலில் பக்கத்தில் இருந்தவனும் அவன்தான். தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு சாரலில் ஓடிவந்தவன், கூடத்துக்குள் ஒரு காலை வைத்ததும் நின்றுவிட்டான்.

"மதினி. இதை இன்னுமா வச்சிருக்கீக?"

"உங்க அண்ணன் ஆசையா வளத்ததுப்பா. உள்ள வா, தம்பி."

அவன் வைத்த காலையும் வெளியே எடுத்துக்கொண்டான். "நீங்க இங்கன வாங்க, மதினி. வாசலுக்கு வாங்க."

வாசலில் நின்று, சாரலில் நனைந்தபடியே சொன்னான். துரை சண்டைக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டாரே தவிர, சண்டைச் செய்தி வருவதற்கு முன்பே மூட்டை கட்டிவிட்டார். அந்தத் தொட்டி இருந்த அறைக்குள் பங்களாச் சமையல்காரன் போகமாட்டான். மீனுக்கு யாரோ இரை வைக்கிறார்கள் என்பான். எல்லாரும் கேலி செய்தார்கள். முத்துவீரன் அண்ணனும்தான் கேலி செய்தார்.

"அப்பறம் அண்ணன் ஊருக்கு வர்றதையே நிப்பாட்டிட்டாக. மதினி தனியா இருக்குமே, ஒரு எட்டுப் போயிட்டு வரலாம்லன்னு கேட்டேன். 'அங்கன நாங்க மூணு பேரு இருக்கோம்டா'ன்னாக."

"மூணு பேரா?"

"எனக்கும் வெளங்கல. புள்ளை கிள்ளை உண்டாயிருக்கோன்னு நினைச்சேன். காய்ச்சல்ல கெடக்கையிலதான் சொன்னாக, மீனுக்கு இரை வைக்கிறது தொட்டியோடவே வீட்டுக்கு வந்துருச்சுன்னு. அப்பிடின்னா தொட்டியத் தூக்கி ஊத்தவேண்டியதுதானண்ணேன்னேன். 'வேணாம்டா, மீனு இருக்கப்போயித்தான் அது எங்கன இருக்குன்னு தெரியுது'ன்னாக."

ஓட்டுத் தண்ணீர் இரண்டு பேருக்கும் நடுவில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இப்பமே எங்கூட வாங்க, மதினி. ஜெயமங்கலம் பக்கம் போற வண்டி சந்தையில நிக்கிது."

"நீ போப்பா. நான் காலையில கெளம்புறேன்."

"மதினி..."

"போன்னா போ!"

அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். அவளுக்கு அப்போது வந்தது பயம் அல்ல. முத்துவீரனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே மலையில் இருந்திருக்கிறான். அவளை இதோடு ஒரே வீட்டில் விட்டுவிட்டு, வேலை அதிகம் என்று சொல்லியனுப்பியிருக்கிறான். செத்த பிறகும் வந்து ஒருநாள் நாற்காலியில் உட்காரவில்லை. ஒருநாளும் வரவில்லை. இத்தனை நாளும் அவள் பேசியது யாரிடம்? ஆசை ஆசையாகச் சோறு வைத்தது யாருக்கு?

மீன்கள் இருப்பதால்தானே இது இருக்கிறது. மீன்கள் போனால் போய்விடும். அப்படித்தான் நினைத்தாள்.

பித்தளைக் குடத்தில் தொட்டித் தண்ணீரை மொண்டு, மீன்களைக் கூடையால் வடித்துப் போட்டாள். கையில் பட்டதும் ஒவ்வொன்றும் உப்பிக்கொண்டது. வெள்ளை வயிறு, முள் முள்ளாக. உத்திரத்தை அண்ணாந்து பார்க்காமலே குடத்தை இடுப்பில் எடுத்தாள். வயல் வரப்பில் காற்று அவளைத் தள்ளியது. வாய்க்காலில் பெரியாற்றுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் கரை தட்டி ஓடிக்கொண்டிருந்தது. குடத்தைக் கவிழ்த்தாள். உப்பிய மீன்கள் கொஞ்ச தூரம் மிதந்து போயின. பிறகு ஒன்றும் தெரியவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, விளக்கை ஏற்றினாள்.

வீடு அமைதியாக இருந்தது.

சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்தாள். பின்னால் யாரும் வர முடியாது. நாற்காலியைப் பார்த்தாள். நாற்காலிக்கு அடியில் பார்த்தாள். சுவர். உத்திரம். எங்கும் ஒன்றும் இல்லை. எங்கும் ஒன்றும் இல்லை என்று அவளுக்குச் சொல்ல யாரும் இல்லை. முன்பு அவள் தொட்டிப் பக்கம் தலையைத் திருப்பினால் போதும், அது எங்கே என்று தெரியும். இப்போது திருப்பத் திருப்ப, பார்க்காத பக்கம் எல்லாம் அது இருந்தது. சாரல் ஓட்டைத் தட்டுகிறதா, வேறு எதுவும் ஓட்டுக்கு அடியில் நகர்கிறதா? மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். தன் இதயம் அடிப்பதுதான் கேட்டது.

அது போய்விட்டது. மீன்களோடு போய்விட்டது.

போயிருக்கும்.

அடுப்படியில் பாத்திரம் அதிர்ந்த மாதிரி ஒரு சத்தம். தாம்பாளமா? எலியா? மறுபடி இல்லை.

அப்போதுதான் மண்சட்டி நினைவு வந்தது. முட்டைப் பாசியை அள்ளி அதில் வைத்திருந்தாள். அதைக் கொட்டவில்லை. விளக்கை எடுத்துக்கொண்டு, சுவரை விட்டு முதுகு விலகாமல் பக்கவாட்டில் நகர்ந்து, சட்டி இருந்த மூலை மாடத்துக்குப் போனாள். இருக்க வேண்டும். ஒன்றாவது பொரிந்திருக்க வேண்டும். ஒரே ஒரு கண் போதும்.

விளக்கைச் சட்டிமேல் பிடித்துக் குனிந்தாள்.

பொரிந்திருந்தன. எள்ளளவு. உடம்பென்று ஒன்றும் இல்லை, கண்கள்தான். பாசி முழுக்கக் கண்கள். பிறந்து ஒரு பொழுதுகூட ஆகியிருக்காது. எல்லாம் அசையாமல் நின்றன.

எந்தப் பக்கம் பார்க்கின்றன? விளக்கைத் தாழ்த்தினாள். இன்னும் தாழ்த்தினாள்.

இடது பக்கம் இல்லை. வலது பக்கம் இல்லை. உத்திரம் இல்லை.

இரண்டு கண்ணும் ஒரே இடத்தில். எல்லாக் குஞ்சுக்கும்.

அவள் வாயை.

சேற்று நாற்றம். காதருகே. சுவருக்கும் அவள் முதுகுக்கும் நடுவில் குளிர்ந்து, சொதசொதவென்று ஏதோ நிறைந்தது. விளக்கு கைநழுவவில்லை, அவள் விரல்களை வேறு விரல்கள் அதோடு சேர்த்துப் பிடித்திருந்தன. இன்னொரு கை தோளுக்கு மேலாக வந்தது. தண்ணீரில் ஊறி வெளுத்த கை. பொறுமையான கை. இரை வைத்துப் பழகிய கை. விரல் நுனியில் ஒரு நத்தை, ஓட்டுக்குள்ளிருந்து மெல்லக் கொம்பை நீட்டிக்கொண்டிருந்தது.

கத்த நினைத்தாள். யாரைக் கூப்பிட்டு?

ஈரமான கட்டைவிரல் அவள் கீழுதட்டைத் தொட்டது. அவசரப்படவில்லை. காத்திருந்தது.

சட்டிக்குள் அத்தனை கண்களும் அவளையே பார்த்துக்கொண்டிருக்க, சங்கிலியம்மாள் வாயைத் திறந்தாள்.