ஒட்டுக்கு மேலே ஒரு துளிர்

வளைகாப்பு முடிந்து, இருட்டிய பிறகு ஆர்த்தியைப் பிரசவத்துக்கு அழைத்து வந்த மறுநாள் காலை. மலையின் பாதி இன்னும் மேகத்துக்குள் இருந்தது. வாசல் ஓரத்து ரோஜாச் செடிக்கு முன்னால் ஆர்த்தி நின்றுகொண்டிருந்தாள். அதைச் செடி என்று சொல்வதுகூட இனி மரியாதைக்குத்தான். மதிலைத் தாண்டி முள்ளும் இலையுமாய்ப் படர்ந்திருந்தது போய், விரல் தடிமனில் ஒரு குச்சி மட்டும் மண்ணுக்கு மேலே தெரிந்தது.

காப்பித் தம்ளரோடு வந்த தனம் படியிலேயே நின்றுவிட்டாள்.

"யாரு வெட்டனது?" ஆர்த்தி திரும்பாமலே கேட்டாள்.

"நான்தாம்மா..." என்றாள் தனம்.

"எங்கம்மா வச்ச செடி சித்தி இது. அவங்களோடதுன்னு இந்த வீட்ல இது ஒண்ணுதான் மிச்சம். நான் கல்யாணமாகிப் போகட்டும்னு காத்துக்கினு இருந்தீங்களா...?"

தனத்துக்குத் தம்ளர் சுட்டது கூடத் தெரியவில்லை. ஆர்த்தி ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது அவளுடைய அம்மா அருணாதேவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அடுத்த வருஷம் காசிக்கு இரண்டாம் தாரமாக வந்தவள் தனம். தனக்கென்று ஒரு குழந்தை வந்தால் இந்தப் பெண்ணின் முகம் வாடிவிடுமோ என்று பயந்து, எனக்கு வேண்டாம் என்று காசியிடம் சொன்னவள். அதை வேறு யாரிடமும் அவள் சொன்னதில்லை. அந்த வயிற்றுக்கு இருந்த ஒரே ஆசை, ஆர்த்தியின் பிள்ளை இந்த வீட்டில் வந்து இறங்க வேண்டும் என்பதுதான்.

செடியின் கதையை அவள் அழாமல்தான் சொல்ல ஆரம்பித்தாள். அது ஒட்டு ரோஜா. காட்டு ரோஜாவின் வேரில் நல்ல ரோஜாவை ஒட்டியது. ஆர்த்தி இத்தனை வருஷமாய்ப் பறித்து அம்மா படத்துக்கு வைத்த சின்னச் சின்ன வெள்ளைப் பூ, ஒட்டுக்குக் கீழே முளைத்த காட்டுக் கிளையில் பூத்தது. அருணாதேவி வைத்தபோது பூத்தது கருஞ்சிவப்பு என்று காசிதான் சொன்னான். நிறம் மாறியதற்கு மண்வாகுதான் காரணம் என்று அவன் பாட்டுக்கு இருந்துவிட்டான். களை எடுக்கக் குனிந்தபோதுதான் தனம் பார்த்தாள், ஒட்டுக்கு மேலே ஒரே ஒரு கிளை மூச்சு விட முடியாமல் கிடந்ததை. செங்கம் ரோட்டு நர்சரிக்காரர், கீழே முளைத்ததை எல்லாம் வெட்டினால் பிழைக்கலாம், இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு அதுவும் இருக்காது என்றார்.

"பிழைக்கும்னு சொன்னாரா?" என்று ஆர்த்தி கேட்டாள்.

தனத்துக்குப் பொய் வரவில்லை. "உறுதியா சொல்ல முடியாதுன்னாரு..."

பக்கத்துத் தெருவிலிருந்து காசியின் அக்கா மணியம்மாள் அதற்குள் வந்து சேர்ந்திருந்தாள். சண்டை என்றால் அவளுக்குக் காது வீட்டுக்கு வீடு உண்டு. பட்ட குச்சிக்கு எவ்ளோ பெரிய கதை என்றவள், பிள்ளைத்தாச்சி மனம் நோகக் கூடாது என்று ஆர்த்தியைத் தன் வீட்டுக்கு அழைத்தாள். காசி, அக்கா முகத்தையும் மனைவி முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். ஆர்த்தி பையோடு கிளம்பிப் போனாள்.

அதற்குப் பிறகு தனத்தின் நாட்கள் அந்தக் குச்சியைச் சுற்றியே நடந்தன. ஆடு வாய் வைக்காமல் முள் கட்டினாள். அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினாள். கீழே காட்டுத் துளிர் தலை காட்டினால் நகத்தால் கிள்ளினாள். மலை வெளுக்கும் நேரத்தில் செடிக்கு முன்னால் உட்கார்ந்தால், தான் பேசுகிறாளா, நினைக்கிறாளா என்று அவளுக்கே தெரியாது.

"அக்கா... உங்க பொண்ணு வாயும் வயிறுமா இருக்கா. எனக்காக வேணாம், அவளுக்காக வாங்க..."

காற்று கொஞ்சம் அசையும். ஈரமண் வாசனை வரும். பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். பார்த்ததே இல்லாத அந்தப் பெண்ணோடு அப்படி மணிக்கணக்கில் இருப்பாள்.

ஒருநாள் ஒட்டுக்கு மேலே சிவப்பாய் ஒரு துளிர் வந்தது. பிறகு இலை, பிறகு மொக்கு. ஆர்த்தியைக் கூப்பிடலாமே என்றான் காசி. தனம் வேண்டாம் என்றாள். வெள்ளையாகப் பூத்துவிட்டால் அந்தப் பெண் இரண்டாவது முறையும் அழ வேண்டியிருக்கும், அதைத் தன்னால் பார்க்க முடியாது என்றாள்.

பூ விரிந்த காலையில் தெருவே மூடுபனியில் மிதந்தது. பிள்ளைத்தாச்சி நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், மணியம்மாள் ஆர்த்தியைக் கிரிவலப் பாதைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தனத்தின் வாசலைக் கடக்கையில் ஆர்த்தியின் கால் நின்றுவிட்டது. அத்தை முன்னால் பேசிக்கொண்டே போய்விட்டாள்.

ஆர்த்தி கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். செடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த தனம் எழுந்தாள். கருஞ்சிவப்பில் ஒற்றைப் பூ, இதழ்களில் பனி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து முகர்ந்தாள். அவள் தோள் குலுங்கியது.

"இந்த வாசம்... எங்கம்மா என்னத் தூக்கும்போது அவங்க தலையிலருந்து வருமே, அது சித்தி. எனக்கு அவங்க மொகமே சரியா ஞாபகமில்ல. இது எப்படி ஞாபகம் இருக்குது...?"

தனம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பறித்துத் தலையில் வைத்துவிடட்டுமா என்று கேட்டாள். ஆர்த்தி வேண்டாம் என்று தலையாட்டினாள். முள் கீறிய தனத்தின் விரல்களை எடுத்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

"நான் அத்தன பேசனேன். ஏன் ஒரு வார்த்த கூடத் திருப்பிச் சொல்லல?"

"உங்கம்மாவுக்காகத்தான பேசன... அது தப்பா?"

ஆர்த்தி அவளைக் கட்டிக்கொண்டாள். இருவருக்கும் நடுவில் வயிறு இடித்தது, உள்ளே ஓர் உதை விழுந்தது. தனம் திடுக்கிட்டு விலகப் பார்த்தாள். ஆர்த்தி விடவில்லை.

அத்தை திரும்பி வந்து கேட்டில் நின்றாள். வீட்டுக்குப் போகலாமா என்றாள். ஆர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"என் பைய அப்பா வந்து எடுத்துக்குவாரு அத்தை. எங்கம்மா ரெண்டு பேரும் இங்க இருக்கறாங்க. நான் வேற எங்க போவேன்?"