இசைவி குறிக்கும் நேரம்

நோயாளி சுடலைமுத்துவை வீட்டுக்கு அனுப்புவது பற்றிய பேச்சை இசைவி மறுபடியும் மாலை ஐந்து மணிக்கு மாற்றியிருந்தது. அங்கயற்கண்ணி அதைக் காலை நேரத்துக்குத்தான் குறித்திருந்தாள்.

நெல்லையில் ஒரு மருத்துவமனையின் நோயாளர் ஒருங்கிணைப்பாளர் அவள். சிகிச்சை முடிந்த நோயாளியை இனி யார், எங்கே கவனிப்பது என்று குடும்பத்தோடு பேசி முடிப்பது அவள் வேலை. அதற்குத் துணையாக வந்த கணினிக் கருவிதான் இசைவி. அது இயங்கும் விதம் எளிது. ஒவ்வொரு பேச்சும் எந்த நேரத்தில், எந்த இடத்தில், யார் முன்னால் நடந்தது, சம்மதம் கிடைத்ததா என்று கவனிக்கும். சம்மதம் கிடைத்த விதமாகவே அடுத்த பேச்சையும் அமைக்கும். அது வந்தபின் படுக்கைகள் மளமளவென்று காலியாயின. யாருமே மறுப்பதில்லை. அதுதான் அவளை உறுத்தியது. குடும்பம் என்றால் ஒருவராவது முரண்டு பிடிக்க வேண்டாமா?

ஐந்து மணிக்குக் கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் நின்றார்கள்.

"வீட்டுல அய்யாவப் பாத்துக்கிட ஆள் இருக்கா?" என்று கேட்டாள்.

"எங்க அண்ணன் மவ ஒருத்தி போதும் மேடம். சிங்கம்லா அவ" என்றார் சுடலைமுத்துவின் தம்பி. எல்லோரும் சிரித்தார்கள்.

மகள் பேச்சியும் சிரித்தாள். "நான் பாத்துக்கிடுதேன் மேடம்."

அங்கயற்கண்ணிக்கு அந்தச் சிரிப்பில் நம்பிக்கை வரவில்லை. கூட்டம் கலைந்ததும் பேச்சியை மாடிப்படிப் பக்கம் அழைத்துப்போனாள். "உண்மையச் சொல்லு."

"நான் கரண்டு காத்தாடி ரிப்பேருக்கு வெளியூர் போனா வாரக்கணக்குல வரமாட்டேன் மேடம். போன தடவ அய்யா விழுந்து, விடியுற வரைக்கும் தரையிலயே கெடந்தாவ. இன்னொரு வாட்டி விழுந்தா அவ்வளவுதான்."

"பொறவு ஏன் சரின்ன?"

"சித்தப்பா, மதினி எல்லாரும் நிக்கையில பெத்த அப்பனப் பாக்க முடியாதுன்னு எந்த வாயால சொல்லுவேன்? நீங்கதான் நிப்பாட்டணும்."

அங்கயற்கண்ணிக்குப் புரிந்தது. ஐந்து மணி பார்வையாளர் நேரம். இசைவிக்கு வெட்கம் என்றால் என்னவென்று தெரியாது; கூட்டத்தின் நடுவே யாரும் மறுப்பதில்லை என்பது மட்டும் தெரியும்.

சுடலைமுத்துவை மறுநாள் அனுப்புவதாக இருந்தது. அதற்குள் தலைமை மருத்துவர் இம்மானுவேலிடம் தனியாகப் பேச நேரம் கேட்டாள். நேரம் ஒதுக்குவதும் இசைவிதான். மறுநாள் காலையில் வரச் சொன்னது. இடம், பெரிய அரங்கு.

உள்ளே நுழைந்தபோது ஊழியர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மிக வேகமாகப் படுக்கை காலியாகும் பிரிவு அவளுடையதாம். மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"இசைவியால உங்க பிரிவுல ஏதும் சிரமம் உண்டா? தாராளமாச் சொல்லுங்க" என்று இம்மானுவேல் ஒலிவாங்கியை நீட்டினார்.

அவள் வாயைத் திறந்தாள். முன்வரிசையில் எல்லோரும் அவளைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு சிரமமும் இல்ல, டாக்டர்."

வாசலில் சுடலைமுத்துவை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.