காணாமல்போன அரை மீட்டர்

காலை பத்தேகால். திரைச்சீலைத் துணியை நீள மேஜையில் கிடத்தியிருந்தார்கள். சுற்றி நின்றவர்கள் முகத்தைப் பார்த்தால் கொலை விழுந்த வீடு என்றுதான் தோன்றும்.

"நாலு மீட்டர் கேட்டவருக்கு மூணரை மீட்டர் போயிருக்கு. கடை மானமே கப்பலேறிப் போச்சு," என்றார் மேனேஜர்.

கிடங்கில் எல்லாரும் 'எக்ஸ்ரே' என்று கூப்பிடும் பெண் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இணையத்தில் துணி விற்கும் அந்தக் கிடங்கில், திரும்பி வரும் சரக்கைச் சோதிப்பது அவள் வேலை. போட்டுக் கசக்கிவிட்டு, வியர்வைக் கறையோடு "பிரிக்கவே இல்லைங்க" என்று திருப்பி அனுப்பும் புண்ணியவான்களைத் தினம் பார்த்துப் பார்த்து, மனித குலத்தின் மேலேயே அவளுக்கு ஓர் இளக்காரம் வந்துவிட்டது. மேனேஜரின் மேல் அது வேலையில் சேர்ந்த அன்றே வந்தது.

மேஜையின் மறுகோடியில் துணி வெட்டும் பெண் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவளுடைய கத்திரியை மேனேஜர் பிடுங்கி வைத்திருந்தார். அவள் தப்பாக வெட்டிவிட்டாள் என்று கிடங்கு முழுக்க மெயிலும் தட்டிவிட்டிருந்தார்.

"மத்தியானத்துக்குள்ள இவளைக் கணக்கு முடிச்சு அனுப்பிடுவேன்."

"சார், வீட்டுக்காரருக்கும் இப்ப வேலை இல்ல. முழுநிலா டிசைன் ரோல்ல நாலு மீட்டர், ரெண்டு தடவை அளந்துதான் வெட்டினேன். சத்தியமா சொல்றேன்."

"அப்ப வாங்கினவர் பொய் சொல்றாரா? அவர் பேராசிரியரும்மா!"

பேராசிரியர் பொய் சொல்லமாட்டார் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறதோ! எக்ஸ்ரே வாயைத் திறந்தாள்.

"முதல்ல என்ன சொல்லித் திருப்பக் கேட்டார்?"

"சோபாவுக்கு நிறம் பொருந்தலையாம். வெட்டின துணியைத் திருப்பி எடுக்கிறதில்லை, அளவு தப்பா போயிருந்தா மட்டும்தான் முழுப் பணமும் தருவோம்னு நான் விளக்கமா எடுத்துச் சொன்னேன்."

"எப்ப?"

"திங்கக்கிழமை."

"அளவு குறையுதுன்னு எப்பச் சொன்னார்?"

"வியாழக்கிழமை."

"நல்லாப் பாடம் எடுத்திருக்கீங்க."

மேனேஜர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். "நானும் யோசிக்காம இல்ல. அவரே ஒரு துண்டை வெட்டி எடுத்திருப்பாரோன்னு ஓரத்தைப் பார்த்தேன். இவளோட கத்திரி ஓரத்தைப் பல் பல்லா வெட்டும். அதுல ஒரு பல் உடைஞ்சிருக்கு. அந்தப் பொக்கை ரெண்டு ஓரத்திலயும் இருக்கு, பாருங்க. ரெண்டுமே நம்ம வெட்டு. நடுவுல தையலும் இல்ல. அப்புறம் அரை மீட்டர் எங்க போகும்? இவ குறைச்சு வெட்டினதுதான்!"

எக்ஸ்ரே குனிந்து பார்த்தாள். பொக்கை இருந்தது. மனுஷன் ஒருமுறையாவது சரியான ஒன்றைச் சொல்லிவிட்டார். துணி வெட்டும் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பெரிய மனுஷர் வீட்டுப் பொருளே தனிதான்," என்று மேனேஜர் துணியைத் தடவினார். "எவ்வளவு மெத்துன்னு இருக்கு! என்ன வாசனை! இந்த முட்டை டிசைனும் எனக்குப் பிடிச்சிருக்கு. பாவம், அவருக்குத்தான் கொடுத்து வைக்கலை."

எக்ஸ்ரே சட்டென்று நிமிர்ந்தாள்.

"அந்த முழுநிலா ரோலை எடுத்துட்டு வாம்மா."

வந்தது. அதிலிருந்து நாலு மீட்டரை அளந்து பக்கத்தில் விரித்தாள். புதுத்துணி மொடமொடத்தது. பிறகு பேராசிரியரை வீடியோவில் அழைத்து, போனை மேஜையில் நிறுத்தினாள்.

"பணம் எப்போ வரும்?" என்றார் அவர், வணக்கம்கூடச் சொல்லாமல்.

"துணியைப் பிரிச்சதும் அளந்தீங்களா, சார்?"

"உடனே அளந்தேன். வேற எதுவும் செய்யலை."

"தொடவே இல்ல?"

"அளக்காம எப்படித் தெரியும்? என்ன கேள்வி இது!"

"சரி. இந்த மேஜையைப் பாருங்க. இது ரோல், அது உங்க துணி. ரோல்ல இருக்கிறது வட்ட நிலா. மேனேஜர் சார், நம்மகிட்ட முட்டை டிசைனே கிடையாது. நீங்க முட்டைன்னு சொன்னதும் முழுநிலாதான், நெடுக்குல சப்பையாப் போனது. ரெண்டு துணியிலயும் நெடுக ஒரு வரிசையை எண்ணிப் பாருங்க."

மேனேஜர் விரல் வைத்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார். இரண்டிலும் ஒரே எண்ணிக்கை.

"நிலா ஒண்ணுகூடக் குறையலை. இவ வெட்டினது சரியா நாலு மீட்டர். யாரும் எதையும் வெட்டி எடுக்கலை. கொதிக்கிற தண்ணியில முக்கி எடுத்திருக்கார். சுருங்கிப் போச்சு. அப்புறம் இஸ்திரி போட்டு மடிச்சு அனுப்பிட்டார். நீங்க மோந்து மோந்து ரசிச்சீங்களே, அது சோப்பு வாசனை. மெத்துன்னு இருக்கிறது கஞ்சி போனதால. வெந்நீர்ல போட்டா சுருங்கும்னு துணியோட அனுப்புற சீட்டுலயே அச்சடிச்சிருக்கோம். படிச்ச மனுஷர், அதையும் படிச்சிருக்கார்."



"துவைக்கக்கூடாதுன்னு எங்கயும் போடலையே," என்றார் பேராசிரியர்.

"தாராளமா துவைக்கலாம். உங்க துணி. இன்னிக்கே திருப்பி அனுப்பிடறோம்."

"இப்ப அதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? ஜன்னலுக்கு எட்டாதே!"

"சோபாவுக்கு உறை தைச்சுப் போடுங்க. நிறம் பொருந்தலைன்னீங்களே, இனிமே அந்தக் கவலை இருக்காது."

போனை அணைத்தாள். மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். கத்திரியை மேஜையில் வைத்து, மெதுவாக அந்தப் பெண் பக்கம் தள்ளினார். "சரி சரி, போய் வேலையைப் பாரும்மா. நடந்தது நடந்து போச்சு."

அந்தப் பெண் கத்திரியை எடுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மெயில் போடுங்க, சார். நான் தப்பா வெட்டலைன்னு. அன்னிக்கு யார் யாருக்குப் போட்டீங்களோ, ஒருத்தரையும் விடாம போடுங்க."

மேனேஜர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். எக்ஸ்ரே கம்ப்யூட்டர் முன்னால் அவருக்கு உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டாள்.