கட்டுள்ள கிழங்கு

கிறிஸ்துமஸ் மத்தியானம். ஆனால் பாறசாலைக்குப் பக்கத்தில் இருந்த அந்த வீட்டில் இறைச்சிக் குழம்பு மணக்கவில்லை. தமிழ்-மலையாள எல்லைப் போராட்டம் என்று உதியன்குளங்கரையில் கடைகளெல்லாம் அடைத்துக் கிடந்தன. அரிசி தேடிப் போன அப்பாவும் சித்தப்பாவும் திரும்பவில்லை. அம்மாவோ காய்ச்சலில் படுத்திருந்தாள்.

ஆராதனை முடிந்து ஓடி வந்த ராஜபாய்க்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. தம்பி நேசையன் ஏற்கெனவே தட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தான்.

"வா தாயி, மரச்சீனிக் கிழங்கு வெந்தாச்சு" என்றாள் சித்தி. அவள் திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. "அடுத்த வீட்டுச் சத்யபாமா அக்கா தந்தாவ. ஏதோ கட்டு உண்டுன்னாவ. கட்டா? நாலே நாலு கிழங்குதான் இருந்துச்சு!"

ராஜபாய்க்குத் திக்கென்றது. சில கிழங்குகளில் கசப்பான விஷம் இருக்கும். அதற்குத்தான் அந்த ஊரில் கட்டு என்று பெயர்.

"வேற என்ன சொன்னாங்க சித்தி?"

"வெள்ளம், அதான் தண்ணி, நல்லா ஊற்றணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாவ. நானும் ரெண்டு செம்பு கூடவே ஊத்தி, வத்த வச்சு இறக்கிட்டேன்."

நேசையன் ஒரு துண்டை வாயருகே கொண்டுபோனான். ராஜபாய் பாய்ந்து அவன் கையைத் தட்டிவிட்டாள். அவன் வீடே அதிர அலறினான்.

"பண்டிகை நாளும் அதுவுமா பிள்ளை சோத்தைத் தட்டுதியே!" என்று சித்தி சீறினாள்.

ராஜபாய் தம்பியின் தாடையைப் பிடித்தாள். "எலே, முன்னாடியே தின்னியா? வாயைத் திற!"

"ஒண்ணு கடிச்சேன். கசந்துது. துப்பிட்டேன்" என்று விம்மினான் அவன்.

ராஜபாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது. "சித்தி, இது விஷமாக்கும்!"

சித்தியின் முகம் வெளுத்தது. வெளியே சாலையில் யாரோ கோஷம் போட்டுக்கொண்டு போனார்கள். "அவங்க மலையாளம், நாம தமிழ். அதான் இப்படிச் செய்தாவளோ?"

"இல்ல சித்தி! அந்த அக்கா பாவம். மலையாளத்தில ஊற்றணும்னா வடிச்சுக் கொட்டணும்னு அர்த்தம். வெந்த வெள்ளத்தைக் கொட்டினாத்தான் கட்டு போகும். நீங்க அதைத் தமிழா எடுத்துக்கிட்டீங்க!"

சொல்லி முடிப்பதற்குள் அவள் வேலியைத் தாண்டியிருந்தாள்.

சத்யபாமா தலைதெறிக்க ஓடி வந்தாள். "ஐயோ மோளே! ஊற்றிக் களையணும்னல்லே நான் பறஞ்ஞது!" நேசையனை மடியில் இழுத்து, வாயைக் கொப்பளிக்க வைத்து, கண்ணைப் பார்த்தாள், நெற்றியைத் தொட்டாள். பானையை அப்படியே குழியில் கவிழ்த்தாள். பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. சித்தியும் சேர்ந்து அழுதாள்.

கொஞ்ச நேரத்தில் சத்யபாமா வீட்டுக் கஞ்சியும் பயறும் எல்லாருக்கும் வந்தன. நேசையன் இரண்டு பங்கு சாப்பிட்டான். சித்திக்கு விக்கல் எடுத்தது.

"மோனே, சித்திக்குக் கொஞ்சம் வெள்ளம் ஊற்று" என்றாள் சத்யபாமா.

நேசையன் செம்பைத் தூக்கிக்கொண்டு யோசனையோடு நின்றான்.

"எந்த ஊற்று? தமிழா, மலையாளமா?"